ஈரத் துண்டு பிடிக்க ஓர் ஆள்

4 ஜனவரி 2025, சனி

இன்றும் ஆபீஸில் ஆடிட் என்று என் மனைவி பிளஸ்ஸியிடம் புளுகிவிட்டுக் கோவளம் போனேன். நாற்பத்திரண்டு வயசு, முன்னால் தொந்தி. கடற்கரையில் நின்று சாக்ஸுக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டுச் சுழற்றுகிறேன். மூன்று தடவை என் காதிலேயே அடித்துக்கொண்டேன்.

நெருப்பு நடனம் சொல்லித்தரும் சக்திக்கு இருபத்தாறு வயசு. மீன்காரக் குடும்பம். அலைச்சறுக்கு விளையாட வந்த வெளிநாட்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்டாளாம். "இன்னா சார், பந்துக்கே கண்ண மூடுற? நாளிக்கு நெருப்பு வெச்சா இன்னா பண்ணுவ?" என்றாள்.

அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறேன்.

14 ஜனவரி

பொங்கல் லீவு. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் தனியாகப் பழகினேன். மாடு மேய்ப்பவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இதை எழுதிவிட வேண்டும். இரண்டு வருஷம் முன்பு, கிறிஸ்மஸுக்கு அச்சு முறுக்கு சுடும்போது எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. பிளஸ்ஸியின் நைட்டிக் கை எரிந்தது. "ஃபிரெடி, ஃபிரெடி" என்று கத்தினாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். கால் வரவில்லை. எதிர்வீட்டு ஹில்டா ஆன்ட்டிதான் நனைத்த போர்வையோடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அதன்பிறகு வீட்டில் காஸ் அடுப்பு கிடையாது. சர்ச்சில் மெழுகுவர்த்தி ஆராதனை என்றால் அவள் வெளியே மரத்தடியில் நிற்பாள். ஆனால் நான் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நானும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசி நாளாயிற்று. உன்னைச் சுட்ட நெருப்போடு ஆடப் பழகுகிறேன் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். போனால் திரும்பி வரமாட்டாள்.

1 பிப்ரவரி, சனி

முதல் நெருப்பு!

இன்று சாக்ஸுக்குப் பதில் சங்கிலி. அதன் முனையில் இருக்கும் திரியைச் சக்தி மண்ணெண்ணெயில் முக்கிக் கொளுத்தினாள். காதருகே வரும்போது ஈரத்துணியை உதறுகிற மாதிரி சத்தம். பத்துச் சுற்று. பாதிக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றினேன்.

சக்தி ஈரத் துண்டோடு பக்கத்திலேயே நின்றாள். "துண்டு புடிக்க ஆள் இல்லாம கொளுத்தவே கூடாது சார். அத்த மட்டும் மறந்துடாத." மிச்ச மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். "படகுக்கு வெச்சிருந்தது. அம்மா கத்தினுகீது. நீயே எடுத்துனு போ, அப்பால கொண்டா."

ஸ்கூட்டர் டிக்கியில், மழைக்கோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

5 பிப்ரவரி

கொசுவத்தி கொளுத்தத் தீப்பெட்டி இல்லை. "தீந்துடுச்சு" என்கிறாள் பிளஸ்ஸி. முந்தாநாள்தான் வாங்கினேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வாளியில் போட்டாள். பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் காணோம். கேட்டால், துருப்பிடித்துக் கழன்றுவிட்டதாம்.

சர்ச் முடிந்ததும் கோவிலம்பாக்கத்திலிருந்து அவள் தம்பி ஜேசன் வந்தான். சும்மா வருகிறவன் இல்லை. என் தோளில் கைபோட்டு, "அத்தான், எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுங்க. நாங்க இருக்கோம்ல?" என்றான்.

சக்தியோடு என்னை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வேறென்ன? ஒரே பேஜார்.

12 பிப்ரவரி

ஆபீஸுக்கு மூன்று தடவை போன் பண்ணினாள். "சும்மாதான். சாப்டீங்களா?"

15 பிப்ரவரி, சனி

கிளம்பும்போது வாசலில் மறித்தாள். கையில் அந்த பாட்டில்.

"எதுக்கு இது?"

ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டேன்.

"சொல்லுங்க ஃபிரெடி. எங்க போயி ஊத்திக்கப் போறீங்க?"

புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. ஐயோ, நான் கொளுத்திக்குவேன்னா ரெண்டு வாரமா நெனச்சுக்கிட்டிருந்தா? தீப்பெட்டி, தாழ்ப்பாள், ஜேசன், போன் — எல்லாம் இதுக்கா? நான் என்னைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பேசாமல் வளைய வரும் புருஷன் மண்ணெண்ணெயை ஒளித்து வைத்தால் நம் ஊரில் எந்தப் பெண்டாட்டிதான் வேறு நினைப்பாள்?

எல்லாவற்றையும் கொட்டினேன். அன்று வாசலில் நின்றதையும். கடைசிவரை கேட்டுவிட்டு, "டான்ஸா?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டது.

கோவளம் போகவில்லை.

19 பிப்ரவரி

சாப்பாட்டுத் தட்டு மட்டும் வருகிறது.

1 மார்ச், சனி

"நானும் வர்றேன்" என்றாள். கேளம்பாக்கம் தாண்டியும் ஸ்கூட்டரின் பின்கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடற்கரையில் தூரமாக ஒரு படகில் சாய்ந்து நின்றாள். நான் திரியை முக்கும்போது பக்கத்தில் வந்து, சக்தியிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது. "நெருப்பு பட்டா அமுக்குக்கா, விசிறாத" என்றாள் சக்தி.

பன்னிரண்டாவது சுற்றில் சங்கிலி தவறிக் காலில் அடித்தது. பேன்ட் விளிம்பு பற்றிக்கொண்டது. இரண்டு மாதப் பயிற்சி — நான் நின்றேன். அதே மாதிரி. கால் வரவில்லை.

பிளஸ்ஸி ஓடிவந்து முட்டிபோட்டு, ரெண்டு கையாலும் துண்டை அமுக்கினாள். அணைந்தபிறகும் விடவில்லை.

"அன்னிக்கு நின்னீங்க," என்றாள். "நான் கத்தக் கத்த நின்னீங்க."

"ஆமா" என்றேன்.

அந்த ஈரத் துண்டாலேயே என்னை அடித்தாள். மணலும் தண்ணியுமாக நாலைந்து அடி. வாங்கிக்கொண்டு நின்றேன். சக்தி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

2 மார்ச், ஞாயிறு

கணுக்காலுக்கு மேல் சின்னக் கொப்புளம். பிளஸ்ஸி மருந்து போட்டுவிட்டாள். துண்டு கொடியில் காய்கிறது. அடுத்த சனிக்கிழமை பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கொசுவத்தி கொளுத்தப் போனேன். தீப்பெட்டி சமையலறை அலமாரியில், பழைய இடத்தில் இருந்தது.

பாத்ரூமுக்கு மட்டும் இன்னும் தாழ்ப்பாள் மாட்டவில்லை.