பன்னிரண்டு பேர் இழுத்த வண்டி

ஆம்பூர்
11-2-1936

அல்லாஹ்விடம் நான் கேட்கும் துஆ எல்லாவற்றிலும் முதலில் நிற்கும் மகள் சைராவுக்கு, அம்மா அக்தரி பேகம் எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, நிஜமாகவே சுகம், நெஞ்சில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நேற்றுக்கூட இரண்டு படி அரிசி புடைத்தேன். பட்டணத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை.

போன லீவில் நீ அடுப்புக்கரியால் சமையலறைத் தரை முழுக்க அம்பு அம்பாகப் போட்டுப் பாடம் படித்தாயே, அம்பு போட்டால் சோறு வெந்துடுமா என்று நான்கூடக் கிண்டல் செய்தேன், அந்த அம்புதான் இப்போது இந்த வீட்டைத் தலைகீழாக்கியிருக்கிறது. போன திங்கட்கிழமை தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டி நம் தோல் கிடங்கு முற்றத்தில் சுண்ணாம்புக் குழி ஓரம் சரிந்துவிட்டது, வண்டிக்கார வேலுவின் கால் சக்கரத்துக்கும் குழிக்கரைக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மாடி ஜன்னலில் மூங்கில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம் கயிறு கட்டினார்கள். கிழக்கே நாலு பேர், வடக்கே கிணற்றுப் பக்கம் மூன்று பேர், தென்மேற்கு மூலையில் ஆபீஸ் வாசலில் உன் அப்பா நின்றுகொண்டு அங்கே ஐந்து பேர். எல்லாரும் சேர்ந்து இழுங்கடா, ஜாஸ்தி பலம் போடுங்கடா என்று உன் அப்பா கத்துகிறார், எல்லாரும் நரம்பு புடைக்க இழுக்கிறார்கள், வண்டி மட்டும் இம்மி நகரவில்லை.

எனக்கு உன் பாடம் ஞாபகம் வந்தது, இழுக்கிற பக்கம் பார்த்து அம்பு, பலத்துக்குத் தக்க நீளம். ஆளுக்கு ஒரு விரற்கடை என்று வைத்துத் தரையில் கரியால் போட்டேன். கிழக்கே நாலு, அதன் நுனியில் பிடித்து வடக்கே மூன்று, அந்த நுனியிலிருந்து தென்மேற்கே ஐந்து. கடைசி அம்பின் நுனி முதல் அம்பின் வாலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆரம்பித்த புள்ளிக்கே வந்தால் மொத்த இழுப்பு சூனியம் என்று நீதானே சொன்னாய். பன்னிரண்டு பேர் இழுத்தும் சூனியம், அவர்கள் இன்னும் பலம் போடப் போட வேலுதான் துடிக்கிறான். சொல்லி அனுப்ப வீட்டில் யாரும் இல்லை. நம் வீட்டுப் பெண்ணின் குரல் வெளி ஆண்கள் காதில் விழக்கூடாது, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் குரல் அந்த முற்றத்தில் விழுந்ததே இல்லை. அன்றைக்கு விழுந்தது. ஆபீஸ் பக்கத்துக் கயிறை விட்டுடுங்கய்யா, அஞ்சு பேரும் விடுங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். பயத்திலேயே விட்டுவிட்டார்கள். வண்டி கிறீச்சென்று வடகிழக்கே நகர்ந்தது, வேலுவை வெளியே தூக்கினார்கள். எலும்பு முறிந்திருக்கிறது, காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

அவன் கால் பிழைத்தது, என் ஜன்னல் போய்விட்டது. ஊரே உன் குரலைக் கேட்டுச்சு, கூலிக்காரங்க முன்னாடி என் பேச்சைக் கம்மி பண்ணிட்டே என்று உன் அப்பா அன்றைக்குச் சொன்னதுதான், அப்புறம் எட்டு நாளாக முகம் பார்க்கவில்லை. மறுநாளே தச்சனைக் கூப்பிட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். பலகை இடுக்கில் வரும் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணல் என்று சிரிக்காதே. வேலுவின் பெண்சாதி அமிர்தவள்ளி கொல்லைப்பக்கம் வந்து, இன்னா தாயி, எங்களுக்காகப் போயி உன்னை இப்படி அடைச்சிட்டாங்களே என்று அழுதாள். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. அன்றைக்கே மாடித் தரையில் கரிக்கோட்டைப் பார்த்து, இந்த அம்பும் கணக்கும் எங்கிருந்து வந்தது என்று உன் அப்பா கேட்டார், நான் புத்தி கெட்டுப்போய்ப் பெருமையாக உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. படிப்பு போதும், பரீட்சைக்கு முன்னாடியே அவளைக் கூட்டிவந்து என் அண்ணன் மகன் இஷ்தியாக் அகமதுக்கு நிக்காஹ் பண்ணிடணும் என்று முடிவு செய்துவிட்டார்.

உனக்கு உருதுவில் ஒரு கடிதம் வரும். என் கையெழுத்துதான். அம்மாவுக்கு நெஞ்சுவலி, முகம் பார்க்க உடனே வா என்று இருக்கும். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன், மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. தந்தியும் வரலாம். கிளம்பாதே. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, சின்ன வயதில் திமிரியில் நான் படித்த மூன்றாம் வகுப்புத் தமிழ் இதற்காவது உதவட்டும். பாத்திரம் தேய்க்க வரும் தில்ஷாத் இதை முந்தானையில் முடிந்து தபாலில் போடுவாள். நிஜமாகவே எனக்கு ஏதாவது ஆனால் அவள் யாரையாவது பிடித்துத் தமிழில் ஒரு கார்டு எழுதச் சொல்வாள். தமிழில் வந்தால் மட்டும் வா.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதடி. ஆனால் நானும் இந்தப் பக்கமே இழுத்தால் நீ அந்த வண்டி மாதிரி நின்றுவிடுவாய். என் கயிற்றை விட்டுவிட்டேன். பரீட்சை எழுது. அல்லாஹ் உன் கைக்கும் கண்ணுக்கும் பரக்கத் தரட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, நான் சுகம் என்று எழுதின முதல் வரியை மட்டும் மறக்காதே.

சுகமாக இருக்கும் உன் அம்மா,
அக்தரி பேகம்