இடப்பக்க விளக்கு

மேற்கு மாம்பலம்
10 ஜூன் 2025

அன்புள்ள சரணுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. போனில் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதமென்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். தச்சர் கோதண்டபாணி உன் ஓவியங்களுக்குச் சட்டம் அளவெடுக்க வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அடையாறு ஹோட்டலில் எல்லா அறைகளையும் பிரித்துப்போட்டாகிவிட்டது. பளபளக்கும் பலகைகளெல்லாம் போய், கட்டிலின் தலைமாட்டுக்குப் பத்தமடைப் பாய், சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டையும் குழைத்த பூச்சு, பித்தளையில் அடித்த விளக்கு, அறைக்கு ஒரு கையால் வரைந்த ஓவியம். ஓவியம் உன் பொறுப்பு. இதை உன் மனைவி நினைவூட்டவில்லை, உள்ளலங்கார வேலையை எடுத்தவள் நினைவூட்டுகிறாள். முதலில் ஒரு மாதிரி அறையை முடித்துக் காட்ட வேண்டும். முதலாளி வீட்டார் அதில் ஓர் இரவு தங்கிப் பார்த்துச் சரி என்றால்தான் மற்ற அறைகளில் வேலை நடக்கும். பூச்சுக்காரர்கள் வெயிலைப் பார்க்கிறார்கள், ஹோட்டல்காரர்கள் தேதியைப் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் என்னை முறைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். வீட்டுக்காரர் வந்திருந்தார். ஆடி பிறந்துவிட்டால் புதுக் குடித்தனம் யாரும் வரமாட்டார்கள், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்கிறார். நாம் இரண்டு பேரும் இருப்பதானால் இந்த வீடு. இல்லையென்றால் நான் எனக்குத் தகுந்ததாக ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மார்கழியில் உன் அக்கா வீட்டுக்குப் போனாய். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அப்போது நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

மாளவிகா

கோபாலபுரம்
14 ஜூன் 2025

அன்பு மாளு,

உள்ளலங்காரக்காரிக்கு முதல் பதில்: குளம் வரைந்துகொண்டிருக்கிறேன். மயிலாப்பூர்க் குளத்தை ஒரு தடவை வரைந்தால் ஓவியம். காலையும் மாலையும் அதையே வரைந்தால் ஆபீஸ். உங்கள் ஹோட்டலிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள். “பாசி வேணாம் சார், கெஸ்ட்டுக்குச் சுத்தமா இல்லன்னு தோணும்” என்றாள். பாசியை எடுத்தேன். அடுத்த வாரம் வந்து, நீச்சல் குளம் மாதிரி இருக்கிறது என்றாள். கொஞ்சம் பாசி போட்டிருக்கிறேன். கை வலிக்கிறது.

எவ்வளவு நாள் இருப்பாய் என்று அக்கா வாய் திறந்து கேட்பதில்லை. தோசை வார்க்கும்போது கரண்டி கேட்கிறது. மாடியறையில் நடுக்கூரையில் ஒரே ஒரு டியூப் லைட். படித்து முடித்தால் எழுந்து கதவு வரை நடந்துபோய் அணைக்க வேண்டும். நடக்கும்போதெல்லாம் “சரண், கண்ணு கூசறது” என்று நீ சொல்வது காதில் விழுகிறது. வெளிச்சத்துக்காகச் சண்டை போட்டோம் என்றால் அக்கா நம்பவில்லை. வேறென்ன, சொல்லு என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். நீ களைத்து வந்து தூங்க நினைப்பாய், நான் பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு அப்போதுதான் புத்தகத்தைத் திறப்பேன். இதை எப்படி ஒரு காரணமாகச் சொல்வது?

வீட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

சரண்

மேற்கு மாம்பலம்
27 ஜூன் 2025

அன்புள்ள சரண்,

கோதண்டபாணி உன்னைப் பார்த்துவிட்டு வந்து, “சார் சரியா துன்றது இல்ல போல கீது மேடம், கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு” என்றார். அக்காவின் கரண்டிக்குப் பயந்து பட்டினி கிடக்காதே.

கொஞ்சம் பொறு என்பது என்னிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தையாகிவிட்டது. பூச்சு காயும்வரை பொறு, கோரை சாயம் பிடிக்கும்வரை பொறு. அவையாவது ஒரு நாள் காய்ந்துவிடுகின்றன. உன்னைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாதிரி அறை முடிந்தது. வரும் வியாழக்கிழமை நீயே போய்ப் படத்தை மாட்டு. நான் பாய் எடுத்துவரப் பத்தமடைக்குப் போகிறேன், இருக்கமாட்டேன். சாவி வரவேற்பில் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போ. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்திருக்கிறது, அது சரியான உயரமா என்று கட்டிலில் படுத்துப் பார்த்துச் சொல். இன்னொரு ஓட்டை போட்டால் பூச்சுக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

அந்த அறைக்காக ரொம்ப உழைத்திருக்கிறேன், சரண். உடம்பில் தெம்பே இல்லை. நீ ஒரு தடவை பார்த்தால் நன்றாக இருக்கும்.

மாளு

கோபாலபுரம்
4 ஜூலை 2025

என் அன்பு மாளு,

படத்தை மாட்டிவிட்டேன். ஆணியின் உயரம் சரி. நீ சொன்னபடி படுத்துப் பார்த்தேன்.

பழக்கத்தில் இடப்பக்கம் படுத்தேன். குளத்தைப் பார்த்தபடி இருந்தவன் என்னையறியாமல் கையை நீட்டினேன். ஸ்விட்ச் கையில் தட்டுப்பட்டது. நம் வீட்டில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரம். விளக்கின் பித்தளைக் குடுவை கழுத்தை வளைத்துக்கொண்டு தொங்கியது. பையில் புத்தகம் இருந்தது, எடுத்துப் பிரித்தேன். வெளிச்சம் பக்கத்தின் மேல் மட்டும் விழுந்தது. வலப்பக்கத் தலையணையைத் திரும்பிப் பார்த்தேன், அதன்மேல் துளி வெளிச்சம் இல்லை. அது உன் பக்கம். எத்தனை முறை அந்தக் குடுவையை வளைத்துப் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

நீ என்னை அங்கே அனுப்பியது ஆணியைப் பார்க்க அல்ல என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் அலுத்துவிட்டது, மாளு. இந்த மாடி, இந்தக் குளம், கதவு வரை நடப்பது, எல்லாம். இரண்டு பேரும் இருக்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாம் தேதி வருகிறேன். அந்த மாதிரி ஒரு விளக்கு நமக்கும் வாங்கிவிடுவோம்.

உன்
சரண்

மேற்கு மாம்பலம்
10 ஜூலை 2025

அன்புள்ள சரண்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பரணிலிருந்து உன் காபி டம்ளரை எடுத்துத் தேய்த்துக்கூட வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளியும் அவர் மனைவி சூடாமணி மாமியும் மாதிரி அறையில் தங்கினார்கள். மறுநாள் காலை நான் போனபோது மாமி கட்டிலின் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரைத் தடவிப் பார்த்து வழவழப்பைப் புகழ்ந்தார். பாய் பிடித்திருந்தது, உன் குளமும் பிடித்திருந்தது. பிறகு கேட்டார்: “ஏண்டிம்மா, அவர் பக்கம் வெளக்கு வெச்சிருக்கே, இந்தப் பக்கம் படுத்துக்கறவ என்ன பண்ணுவா? ராத்திரி அவர் பாட்டுக்குப் படிச்சிண்டிருந்தார். நானும் புஸ்தகம் கொண்டுவந்திருந்தேன். இருட்டுல முழிச்சிண்டு படுத்திருந்தேன்.”

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லா அறையிலும் ஒயர் இடப்பக்கம்தான் போகிறது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்க்கிறேன், இரண்டு பேர் படுக்கிற கட்டிலுக்கு ஒரு விளக்கு போட்டிருக்கிறேன். மாமி கேட்டதற்கு என் மனதில் வந்த பதில் என்ன தெரியுமா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அதைத்தான் செய்தேன்.

நீ அந்த விளக்கை அழைப்பு என்று எடுத்துக்கொண்டாய். நானும் அப்படி நினைத்துத்தான் மாதக்கணக்கில் அதை வளைத்துக்கொண்டிருந்தேன். நீ நிம்மதியாகப் படிக்க வேண்டும், எனக்குக் கண் கூசக் கூடாது. அத்தனை யோசனையிலும் எனக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. நீயும் அங்கே படுத்துப் பார்த்தாய். என் பக்கம் இருட்டாக இருப்பதைக் கண்டாய். கண்டு சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறாய். உன்மேல் கோபமில்லை, சரண். நிஜமாகவே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

வலப்பக்கச் சுவர்களைக் கொத்தி ஒயர் இழுக்கிறார்கள். பூச்சுக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. கோதண்டபாணிதான், “இன்னா மேடம், ஒரு வெளக்குக்கா இம்மாம் இடி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். மந்தைவெளியில் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சிவிடுவேன். உன் புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றோடு மாதிரி அறை விளக்கையும் அனுப்புகிறேன், கோதண்டபாணி உன் மாடியில் மாட்டித் தருவார். இனி நீ கதவு வரை நடக்க வேண்டாம்.

மிச்சக் குளங்களை முடித்துக்கொடு. பாசி இருக்கட்டும் என்று மாமி சொன்னார்.

அன்புடன்
மாளவிகா

பி.கு.: மந்தைவெளி வீட்டில் கட்டிலுக்கு எந்தப் பக்கம் விளக்கு வைப்பது என்று கோதண்டபாணி கேட்டார். எந்தப் பக்கம் படுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.