ஆளுக்கு ஒரு துண்டு கடல்

ஜூன் 3
இரண்டு கால்சட்டைக்கு விளிம்பு மடித்தேன். தம்பியின் மீன்பிடிப் படகு நேற்றே திரும்பியிருக்க வேண்டும். போன் போகவில்லை. வரட்டும், திட்டுவதற்கு எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன்.

ஜூன் 5
வரவில்லை. படகில் மூன்று பேர். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் தேடுகிறது. நான் எல்லாரிடமும் கத்துகிறேன். தம்பி மனைவி அவனுக்கும் சேர்த்தே சோறு வடிக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 6
காணாமல்போன படகைத் தேட ஒரு வலைத்தளம் இருக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த கடல் படத்தைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படகு தெரிந்தால் அதைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் ‘ஒன்றுமில்லை’. ஒரே சதுரம் பத்துப் பேருக்குப் போகும். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. பலர் தனித்தனியாக ஒரே இடத்தைத் தொட்டால்தான் காவல்படைக்குச் சொல்வார்களாம்.

முன்பின் தெரியாதவன் எதுக்கு மெனக்கெடப் போறான்? இருந்தாலும் உட்கார்ந்தேன். ஊசிக்காதில் ஒரே தடவையில் நூல் கோக்கிற கண் இது. நான் பார்க்காததை எவன் பார்ப்பான்?

ஜூன் 7
பார்த்துவிட்டேன்! வெள்ளையாக, நீளமாக — அவன் படகேதான். மற்றவர்கள் தொடும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? எண்ணைத் தட்டினால் அதே சதுரம் யாருக்கும் திறக்கும்; அந்த எண்ணைக் குடும்பக் குழுவில் போட்டேன். சித்தி, மாமா, மாமா பிள்ளைகள் — எல்லாரும் தொட்டார்கள்.

ஜூன் 8
நுரை. வெறும் அலை நுரை.

ஹெலிகாப்டர் அரை நாள் அங்கேயே சுற்றியிருக்கிறது. தளத்தை நடத்தும் பெண் போன் செய்தாள். “அக்கா, பத்துப் பேர் பாத்தாங்கன்னு நம்பிட்டோம். பாத்தது நீங்க ஒருத்தர்தான்.” திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன். அவன் உயிரோட விளையாடிட்டேனே.

ஜூன் 9
தளத்தின் மூலையில் ஒரு எண் ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களாம். ஆயிரக்கணக்கில்! கீழே பேச்சு வேறு. “பஸ்ஸுக்கு நிக்கிறேன், அதுக்குள்ள நாலு பாத்துட்டேன்.” “குழந்தை தூங்கிட்டான், வந்துட்டேன்.” ஒருவர் பல் வைத்தியராம். யார் பெற்ற பிள்ளைக்கோ யார் யாரோ தவிக்கிறார்கள். ஒருவரும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு கடல், அவ்வளவுதான். ஆனால் கடல் முழுக்கக் கண்.

ஜூன் 10
கிடைச்சுட்டான். மூணு பேரும். கிடைச்சுட்டான்.

ஜூன் 14
தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். இன்ஜின் நின்றுபோய் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள். உதடெல்லாம் வெடிப்பு. தளத்தில் அவர்கள் படகு அகப்பட்ட சதுரத்தைக் காட்டச் சொன்னான். நொய்யரிசி அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி. பத்துப் பேரில் ஏழு பேர் தொட்டிருக்கிறார்கள்.

அடியில் என் பதிலும் இருந்தது. எனக்கும் அதே சதுரம் வந்திருக்கிறது. நான் ‘ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிட்டேன்.

“ஏன்க்கா, பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டியா?” என்று சிரித்தான். தலையில் ஒரு குட்டு வைத்தேன், அழுதுகொண்டே. அந்த ஏழு பேருக்குப் பேர் தெரியாது, ஊர் தெரியாது. யார் காலில் போய் விழுவேன்?

ஜூன் 20
வேறு கடலில் வேறு படகு. தைக்க வந்த துணி குவிந்து கிடக்கிறது. தம்பி மனைவியும் நானும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்கிறோம். அவள் போனை எட்டிப் பார்த்தேன்.

“அண்ணி, உங்க சதுரத்தப் பாருங்க,” என்றாள்.

பார்க்கிறேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அடுத்தது.