பதின்மூன்றாவது ரொட்டி

என் வீட்டுக்காரர் காஸ்பர் ஊக் அவர்களுக்கு, கத்தலினா சொல்லச் சொல்ல நம் ஊர் எழுத்தர் தியேகோ எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காட்டுக்குத் தேன் வாங்க வருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் நெருப்பில் போட்டுவிடுங்கள்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் இனிக் காட்டில் ஒளிந்திருக்க வேண்டாம். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. இனிப் பொறுக்க முடியாது என்று ஆண்கள் வயலில் மழைப் படையலுக்குப் பந்தல் போட்டார்கள். போன வருஷம் நீங்கள் அதை முன்னின்று செய்ததற்குத்தானே பாதிரியார் சவுக்கோடு உங்களைத் தேடினார். அதனால் இந்த முறை நடுவில் ஒரு சிலுவையை நட்டார்கள். குழியில் சுட்ட ரொட்டிகளை நானும் உங்கள் தங்கை மார்த்தாவும் சுமந்துபோனோம். பெண்கள் அங்கே நிற்கக்கூடாதுதான், ஒதுங்கி நின்றோம். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் நம் பதின்மூன்று வானத்துக்கும் பதின்மூன்று ரொட்டி அடுக்கி முடிக்கவும், பாதிரியார் கோவேறு கழுதையில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

சிலுவையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு ரொட்டியை எண்ணினார். "அதென்ன கணக்கு, பதிமூணு?" என்றார். நம் பேச்சை நன்றாகவே பேசுகிறார், அதுதான் தொல்லை. ஒதுங்கி நின்ற மார்த்தா முன்னால் வந்து, "யேசுசாமிக்கு ஒண்ணு, சீடருங்களுக்குப் பன்னெண்டு. நீங்களே கூட்டிப் பாருங்க சாமி" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "யூதாசுக்குமா படைக்கிறீங்க?" என்று சிரித்து, மேலே இருந்ததை எடுத்து அங்கேயே தின்றார். பூசணி விதை போட்ட ரொட்டி, விரலைக்கூட நக்கினார். இந்தப் பக்தியைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். "எங்கண்ணன்தான். நீங்க அடிப்பீங்கன்னு ஓடிப்போச்சு" என்றாள் இவள். "வரச் சொல்லு, அடிக்க மாட்டேன். பாவமன்னிப்புக் கேட்டாப் போதும். வருஷாவருஷம் இதைச் செய்யட்டும்" என்றார். தியேகோ விடுவாரா? அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

அவர் போனதும் மார்த்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷமாக அடக்கிவைத்த அழுகை.

மூன்றாம் நாள் மழை வந்தது, சோளம் நிமிர்ந்துவிட்டது. ஆனாலும் உச்சி வானத்துக்கு உரியதைப் பாதிரியார் அல்லவா தின்றுவிட்டார்? வேறொன்று சுட்டு, இலையில் சுற்றி, நீங்கள் படுக்கும் தூளிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். அந்த வானத்துக்குச் சொல்லும் வார்த்தைகள் உங்களைத் தவிர இங்கே வேறு யாருக்கும் தெரியாது. ரொட்டி ஐந்து நாள்தான் தாங்கும். கெட்டால் இன்னொன்று சுடுவேன், அதுவும் கெட்டால் மறுபடி சுடுவேன்.

மழையைக் கொடுத்தவர்கள் உங்களையும் பத்திரமாக வழிநடத்தட்டும்.

அடுப்பை அணையாமல் வைத்திருக்கும்,
கத்தலினா