அத்தையின் எலுமிச்சம்பழமும் என் எச்சில் குழாயும்

என் மீனாவுக்கு,

அங்கே சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஐந்தே நாள் காய்ச்சல். ஊரில் உள்ளவர்களின் நெஞ்சையும் வயிற்றையும் படம் எடுக்கிற எனக்கு, உனக்கு எதைப் படம் எடுத்துக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. வேலைக்குப் போகிறேன். "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்கிறேன், "விடுங்க" என்கிறேன். ஒரு நாளைக்கு நான் பேசுவது அவ்வளவுதான்.

போன மாதம் வலது தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. சோற்றில் கை வைத்தால் நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். நாக்குக்கு அடியில் நீலமாக ஒரு கொப்புளம் வேறு. எச்சில் சுரப்பியின் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் காட்டவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு வசதியாக இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று யார் கேட்டாலும் தாடையைக் காட்டிவிடலாம்.

உன் அம்மாவிடம் மட்டும் அது எடுபடவில்லை. திருநகரிலிருந்து பஸ் ஏறி நம் பழங்காநத்தம் வீட்டுக்கு வந்தவர், நம் பிரியாவின் கவுன்களைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, கட்டி கிட்டின்னு ஏதாச்சும் இருந்துச்சுன்னா எம்பேத்தி கதி என்ன? ஒருத்திய அள்ளிக் குடுத்தது போதும். புள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்."

"அது கட்டி இல்லத்தை. எச்சி வர்ற குழா அடச்சிருக்கு."

"நீங்க சொன்னா ஆச்சா? ஊருக்கே படம் புடிக்கிறீக, ஒங்களுக்கு ஒண்ணு புடிச்சுக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

பிரியாவும் இல்லாத வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே, அத்தை வெளியே காத்திருக்க, தினமும் நான் மற்றவர்களைப் படுக்க வைக்கிற அதே எக்ஸ்ரே மேஜையில் படுத்துவிட்டேன்.

இந்தப் படம் சாதாரணப் படம் இல்லை. நாக்குக்கு அடியில் எச்சில் குழாயின் வாய் ஊசிமுனை அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய குழலை நுழைத்து, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற மருந்தைச் செலுத்த வேண்டும். துவாரம் எங்கே என்று தெரிய எச்சில் ஊற வேண்டும். எச்சில் ஊற எலுமிச்சம்பழம்.

டாக்டரம்மா அரைமணி நேரம் தேடினார். என்னோடு வேலை பார்க்கிற சிக்கந்தர் என் வாய்க்குள் விளக்கை அடித்துக்கொண்டு நின்றான்.

"வர்ற பேஷண்டுக்கெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்லுவேல்ல குமாரு? எம்புட்டுப் பெரிய எறும்புன்னு இப்பத் தெரியுதா?"

திருப்பிக் கொடுக்க என்னிடம் வாய் இல்லை. வாய் டாக்டரம்மாவிடம் இருந்தது.

எங்கள் எக்ஸ்ரே சென்டரில் இருந்த பழம் தீர்ந்துபோனது. சிக்கந்தர் வெளியே போய் உடனே ஒன்றோடு வந்தான். மங்கலான அறையில் அதை நறுக்கி நாக்குக்கு அடியில் பிழிந்தான். டாக்டரம்மா குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரத்தம் வருது. சிக்கந்தர், பஞ்சு எடுங்க."

கதவோரத்தில் உன் அம்மாவின் குரல் கேட்டது. "ரத்தமில்லங்கம்மா, குங்குமம். காலைல அம்மன் காலடியில வச்சு வாங்கிட்டு வந்த பழம். மாப்ள பையில வச்சுக்கிரட்டும்னுதான அந்தத் தம்பிகிட்டக் குடுத்தேன். அதையா நறுக்கிட்டீக?"

"பழம் இருக்கான்னேன், நீட்டுனாங்க. எனக்கென்ன தெரியும்?" என்றான் சிக்கந்தர்.

டாக்டரம்மா பஞ்சை எடுத்தவர், திடீரென்று கையை நிறுத்தினார். "யாரும் தொடைக்காதீங்க." சிவந்து கிடந்த வாயில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சில் கசிந்து, குங்குமத்தை விலக்கிக்கொண்டு வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. "புஸ்தகத்துல நீலச் சாயம் தடவிப் பாக்கச் சொல்லிருக்கான். பரவால்ல, செவப்பும் வேல செய்யுது" என்று சொல்லிக்கொண்டே குழலை உள்ளே விட்டார். வெளியே உன் அம்மா, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அம்மன் படம் எடுத்துக் கொடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வாயோரமெல்லாம் குங்குமத்தோடு பிலிமை நானே இருட்டறையில் கழுவினேன். நல்ல குழாய் என்றால் இலை உதிர்ந்த மரம் மாதிரி தெரியும். கல்யாணமான புதிதில் இப்படி ஒரு படத்தைக் காட்டியபோது, "இது என்ன, கருவேல மரமா?" என்று கேட்டாயே. என்னுடைய மரத்தில் அடிமரம் மட்டும் ஊதிக் கிடந்தது. குழாயின் வாசலில் அரிசி அளவு ஒரு கல். பழங்காநத்தம் முக்கில் ஒரு பஸ் நின்றால் பின்னால் எல்லாம் நிற்குமே, அப்படி. நீலக் கொப்புளம் எச்சில் தேங்கிய வெறும் பைதான்.

ஈரம் காயாத பிலிமோடு ஓடினேன். "பாத்தீகளா அத்தை? கட்டி இல்ல, கல்லுதான். புள்ள இங்கயே இருக்கட்டும்."

உன் அம்மா பிலிமைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார். "கல்லு எதனாலம்மா வருது?"

"பல காரணம் இருக்கு. சரியாச் சாப்பிடாம, தண்ணி குடிக்காம இருந்தா எச்சில் ஓட்டம் கொறஞ்சு தேங்கிரும். அதுவும் ஒரு காரணம்."

நான் கொண்டுவந்த சாட்சி எனக்கு எதிராகவே பேசிவிட்டது, மீனா.

"கல்லுனால சாப்பிடலன்னீக. சாப்பிடாமத்தான் கல்லே வந்திருக்கு" என்றார் அத்தை. ஜெயித்த முகம் இல்லை. பிலிமை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எனக்கும் ஒரு படம் எடுத்துருவோமா மாப்ள? நானும் ஆறு மாசமா ஒழுங்காத் திங்கல" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? உனக்காவது தெரியுமா?

கல்லை அடுத்த வாரம் எடுத்தார்கள். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை. அது எங்கே அடைத்து நிற்கிறது என்று பார்க்க எந்தப் படம் எடுப்பது?

கவுன்களை அத்தையே பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வாரேன். தட்டுல மிச்சம் கெடந்துச்சு, மறுபடி பையத் தூக்கிருவேன்" என்றார். "ஒங்க தட்ட யாரு பாக்குறது?" என்று கேட்டேன். அத்தை காலிப் பையை மடித்து வைத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு. அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு எழப் பார்த்தார். பிரியா சேலை முந்தானையை இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

இனிமேல் என் தட்டை உன் அம்மா பார்ப்பார், அவர் தட்டை நான் பார்ப்பேன். இரண்டும் காலியாகிற வரைக்கும் யாரையும் எழவிட மாட்டேன். உன்மேல் சத்தியம்.

பிரியாவுக்கு அப்பா, உன் அம்மாவுக்கு மாப்பிள்ளை,
உனக்கு இன்னமும் வீட்டுக்காரன்,
குமார்