மடி கொடுக்க வேண்டியவனுக்கு

டேய்,

நேற்று சாயங்காலம் செய்யூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்திலேயே இப்போது ஒரு மீன் கடை வந்திருக்கிறது. அந்தம்மா தெர்மாகோல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. மீன் வாடை வேறு, மீன் ஐஸ் வாடை வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே நீ, நான், அம்மா மூன்று பேராகத்தான் இருக்கும். "இன்னாம்மா, மீனு வேணுமா? சும்மா பாத்துகினே நிக்கிற?" என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று பத்து நாளாக என்னிடமே இருக்கிறது. என் பையனைப் பற்றியது. உன் வியாதி அவனுக்கும் இருக்கிறதா, இல்லையா என்பது. அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ காதில் வாங்க மாட்டாய், எனக்குத் தெரியும். பொறுமையாகக் கேள்.

புதுப்பட்டினத்து வீடு ஞாபகம் இருக்கிறதா? அப்பா போன பிறகு அம்மா கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் நீ எழுந்திருக்கும்போதே சில நாள் முட்டி பலாக்காய் போல வீங்கியிருக்கும். விழுந்திருக்கவே மாட்டாய். உள்ளே ரத்தம் கசிகிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? வாயு என்றார் ஒருத்தர். காத்து கருப்பு என்றார் இன்னொருத்தர். ஐஸ் வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது என்று அம்மாதான் கண்டுபிடித்தாள். நம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது? தூக்கை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு ஓடுவேன். படகு ஒதுங்குகிற இடத்தில் ஐஸ் உடைக்கிற அண்ணாத்த ஒருத்தர் இருந்தார். கேள்வியே கேட்காமல் ஒரு பாளத்தைத் தூக்கில் போட்டு, "ஓடு பாப்பா, கரைஞ்சிடப் போவுது" என்பார். அந்த ஐஸை வைத்து வைத்து உன் முட்டியே சங்கரா மீன் வாடை அடிக்கும். தெருப் பூனை எல்லாம் உன் பின்னாலேயே வரும். "பாருக்கா, எனக்கு ஃபேன்ஸு" என்று நொண்டிக்கொண்டே சிரிப்பாயே, படவா.

பள்ளிக்கூடத்துக்கு உன்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து நான்தான் மிதிப்பேன். கம்பி குத்தாமல் இருக்க ஒரு துண்டை மடித்துப் போடுவாள் அம்மா. நீ பேசாமல் வந்திருக்கிறாயா என்றைக்காவது? பள்ளத்தில் இறக்கினால் "நோ பால்!" ஓரமாகப் போனால் "வைடு!" எதிரே குவார்ட்டர்ஸ் பஸ் வந்து நான் பயந்து காலை ஊன்றினால் இரண்டு கையையும் தூக்கி "சிக்ஸர்!" எனக்கு மூச்சு வாங்கும், கோபம் வரும், சிரிப்பும் வரும். "இறங்கி நடடா" என்று கத்துவேன். "அம்பயர்கிட்ட சண்ட போடாத, வெளிய அனுச்சிடுவேன்" என்பாய். உன்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாததால் நீயாகவே அம்பயர் ஆகிக்கொண்டவன். கடைசியில் சுற்று வட்டாரத்தில் எந்த மேட்ச் என்றாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். நீ அவுட் என்றால் அவுட்தான்.

கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. தலையணை நனைந்தது, அம்மாவின் புடவை நனைந்தது. அங்கே இங்கே அலைந்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் உன் உடம்பில் பிறவியிலேயே இல்லாத மாதிரிதான் என்றார் டாக்டரம்மா. ஹீமோபிலியா என்ற பேரை அன்றைக்குத்தான் கேட்டோம். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்கள் கூடப் பிறந்த ஆண்கள் யாருக்காவது இப்படி ரத்தம் நிற்காமல் போனதா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததே நமக்கு அன்றைக்குத்தான் தெரியும். நடை பழகும்போது விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டதாம். மந்திரித்தார்களாம், வேப்பிலை அடித்தார்களாம், மூன்றாம் நாள் போய்விட்டதாம். அம்மா அதைச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். பெண்ணுக்கு எக்ஸ் என்று இரண்டு இருக்கும், ஒன்றில் பழுது இருந்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. பழுதான எக்ஸ் வந்தால் கைகொடுக்க இன்னொன்று கிடையாது.

அம்மா அவ்வளவு நேரமும் அழாதவள், அப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானே என் புள்ளைக்குக் குடுத்துட்டேனே" என்று. வாய் முழுக்கப் பஞ்சை வைத்துக்கொண்டு நீ பேசினாயே, அந்தப் பேச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "யம்மோவ், இந்த மூக்கு யாருது? உன்னுது தானே? இவ்ளோ பெரிய மூக்க எனக்குக் குடுத்துட்டு ஒரு நாளாச்சும் அழுதியா நீ? இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு அழுவுற?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் உன் எதிரில் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "உனக்கும் டெஸ்ட்டு எட்தே ஆவணும்" என்று ஒரே பேஜாரு. ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா என்னிடம், "நீங்க கேரியர்" என்றார், அம்மாவைப் போலப் பழுதான எக்ஸைச் சுமக்கிறவள் என்ற அர்த்தத்தில். நமக்குத் தெரிந்த கேரியர் இரண்டே இரண்டு, ஒன்று சோறு கொண்டுபோவது, இன்னொன்று சைக்கிளில் இருப்பது. நான் திருதிருவென்று விழிக்க, நீ கதவு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "இதுக்கு ஒரு டெஸ்ட்டா டாக்டர்? பள்ளிக்கூடம் பூரா இவ கேரியர்ல தானே நான் ஒக்காந்துகினு போனேன்!" எனக்கு வந்த அழுகை அப்படியே திரும்பிப் போய்விட்டது.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை மகாபலிபுரம் பீச்சுக்கு வரச் சொன்னதும் நீதான். எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சுண்டல் தின்றாய். பெண் பார்க்க வந்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது? "மச்சான், எங்கக்காவுக்குப் பையன் பொறந்தா பூவா தலையா தான். பாதிக்குப் பாதி. எனக்கு இருக்கிறது அவனுக்கும் வரலாம். சரின்னா மேல பேசு, இல்லாங்காட்டி இப்பவே பஸ்ஸு ஏறிடு." அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ நல்லாத்தானே கீற மச்சான்? அப்புறம் இன்னா பயம்?" என்றார். நீ சுண்டல் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாய். வாயாடி நீ வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நல்லாத்தான் இருந்தாய். பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை, ரீசார்ஜ், ஞாயிற்றுக்கிழமை மேட்ச். முட்டி வீங்கினால் முன்போல ஐஸோடு நிற்க வேண்டியிருக்கவில்லை, பெரியாஸ்பத்திரியில் ஊசி மருந்து போட்டார்கள். பையன் என் வயிற்றில் இருந்தபோது ஒரு மழை நாளில் கடை ஷட்டரை இழுத்துவிட்டுப் படியில் வழுக்கி விழுந்தாய். "ஒண்ணும் இல்லக்கா, சும்மா ஒரு வைடு" என்று போனில் சிரித்தாய். தலைக்குள் கசிந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? அதோடு போய்விட்டாய். முட்டிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் தலைக்கு ஏன்டா ஓடவில்லை? உன் மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் ஆறாது.

பையன் பிறந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "மாமனக் கொண்டிருக்குது புள்ள." மூக்கைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். நான் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பிறந்த உடனே ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பார்க்காதவரைக்கும் பூவும் இருக்கிறது, தலையும் இருக்கிறது இல்லையா? தடுப்பூசி போட்ட தொடை கன்றிப்போய்ப் பல நாள் இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வீங்கும் என்றாள் என் மாமியார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். நீ இருந்திருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாய்.

பிறகு காது குத்த நாள் பார்த்தார்கள். திருக்கழுக்குன்றத்தில், வெள்ளிக்கிழமை. மொட்டை, காது குத்து, சாப்பாடு எல்லாம் பேசி முடித்த பிறகு தாய்மாமன் மடிக்கு யார் என்று பேச்சு வந்தது. சபையே என்னைப் பார்த்தது. பெரியம்மா பையனை உட்கார வைக்கலாம் என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவனும் எனக்குத் தம்பி முறைதான். ஆனால் அந்த மடியில் என் பையனை வைத்து ஊசி இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு காதிலும் ரத்தம் நிற்காமல் போவதை நினைத்துப் பார்த்தேன். "மொதல்ல ரத்தம் பாக்கணும், அப்புறம்தான் காது" என்று சொல்லிவிட்டேன்.

மாமியாருக்கு வந்ததே கோபம். "எங்க வம்சத்துல அந்த மாதிரி ஒண்ணும் கெடயாது. ஒரு பொட்டு ரத்தத்துக்கு இன்னா இம்மாம் ஆர்ப்பாட்டம்? பத்திரிகை குடுத்துட்டு நிறுத்தினா ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும் அத்த. பல்லு தானே தெரியும்."

"பாத்தியாடா உன் பொண்டாட்டி வாய?" என்று மகனைப் பார்த்தாள். அவர் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "மச்சான் என்னான்ட மொதல்லயே சொல்லிட்டுத்தாம்மா பொண்ணு குடுத்தான். பாத்துடலாம்" என்றார். அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. நீ தேர்ந்தெடுத்த ஆள், சும்மா சொல்லக் கூடாது.

சரி. இப்போது சேதி. இருக்கிறதுடா. அவனுக்கும் இருக்கிறது. உனக்கு எந்த அளவோ அதே அளவு, ஒரே குடும்பத்தில் அப்படித்தான் வரும் என்றார் டாக்டரம்மா. நீ கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். எனக்கு அம்மா கொடுத்தாள், அம்மாவுக்கு அவளைப் பெற்றவள் கொடுத்தாள். அது என் உடம்பை விட்டு என்றைக்கும் இறங்காது. சாகிறவரைக்கும் நான் சுமக்க வேண்டியதுதான். அழக் கூடாது என்று போனேன், அழுதுவிட்டேன். டாக்டரம்மா பொறுத்திருந்துவிட்டு, "உங்கள் தம்பி சின்ன வயதில் இருந்த காலம் இல்லை இது. தோலுக்கடியில் போடுகிற மருந்து வந்துவிட்டது. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் ஓடுவான், விளையாடுவான்" என்றார். அம்பயராக நிற்க வேண்டாம், பந்து போடலாம் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாமியாரும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் காதில் இறங்க வேண்டிய ஊசி இங்கே தொடையில், முதல் டோஸ் மருந்தோடு இறங்கியது. என் மடியில் வைத்துத்தான் போட்டார்கள். பையன் கதறினான். நர்ஸ் பஞ்சை வைத்துவிட்டு, "தேய்க்காதீங்க, அமுக்கிப் பிடிங்க" என்றாள். எனக்கா சொல்லித்தர வேண்டும்? அமுக்கிப் பிடித்தேன்.

மாமியார் எழுந்து கிட்டே வந்தாள். குனிந்து என் விரலைப் பார்த்தாள். "இப்டியா புடிக்கணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தள்ளு" என்று பஞ்சை அவள் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்வது என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். "காது இன்னா ஓடியா போவுது? டாக்டரு சொல்றப்ப குத்திக்கலாம். ஊரு சிரிச்சா நான் பாத்துக்கிறேன்" என்றாள். பையன் விசும்பி விசும்பி அடங்கினான். ரத்தம் நின்றுவிட்டது. "போதும் அத்த, வுட்டுடுங்க" என்றேன். "நீ சும்மா இரு. இன்னும் கொஞ்சம் புடிச்சுக்கிறேன்" என்றாள்.

உன்னைப் பிடிக்க நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். எங்கள் விரல் மரத்துப்போனாலும் மாற்றிவிட ஆள் கிடையாது. அன்றைக்கு முதல் தடவையாக என் கை சும்மா இருந்தது, தம்பி. சும்மா இருக்கிற கையை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோய் அத்தையின் தோள்மேல் வைத்தேன்.