நான்தான் டிலானி

மச்சான்,

இன்று காலை கந்தோரில் ஒரு கணினிக்கு உயிர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத் தகட்டைக் கழற்றினேன். கருகிய வாசம் குப்பென்று வந்தது. பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி கரிக்கட்டையாகக் கிடந்தது, வால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். பக்கத்து மேசைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். நான் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். 'உன் சொந்தக்காரன் ஒருவன் எங்கள் கந்தோரில் காலமாகிவிட்டான்' என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் விரல் நின்றது. படத்தை அழித்தேன். பல்லியைக் கடதாசியில் சுற்றி வெளியே போட்டேன்.

நெஞ்சடைக்கவில்லை. கண் கலங்கவில்லை. கொஞ்சக் காலமாகவே எனக்கு எதுவும் பெரிதாகப் படுவதில்லை. சோறு, பஸ், கோப்பு, நித்திரை எல்லாம் ஒரே மாதிரித்தான். மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றி நடப்பதுபோல நாள் போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது. நீ வாசிக்க மாட்டாய் என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதும் நான் நீளமாக எழுதினால் நீ வாசித்தது கிடையாது. "சுருக்கமா எழுதுடா, நான் சோதினைக்கா படிக்கிறன்?" என்பாய்.

பழைய கணினிகளைப் பழுது பார்க்கிறவர்கள் கூடுகிற அந்த முகநூல் குழுவில்தான் நாம் சந்தித்தோம். வாவிக்கரை உப்புக்காற்றில் என் மதர்போர்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டுப் படம் போட்டேன். முதல் பதில் உன்னுடையது. "அக்கா, புளி போட்டு விளக்குங்க. குத்துவிளக்கு மாதிரி மினுங்கும்." நான் அக்கா இல்லை என்று எழுதினேன். "அப்ப தங்கச்சியா?" என்று கேட்டாய்.

பிழை உன்னுடையது அல்ல. கொரோனாக் காலத்தில் என் மகளின் ஒன்லைன் வகுப்புக்காகத் திறந்த கணக்கு அது. பெயர் டிலானி, படம் ஒரு ரோசாப்பூ. வகுப்பு முடிந்த பிறகு மகள் தனக்கென்று வேறொன்று திறந்துகொண்டாள், பழையது எனக்கு வந்து சேர்ந்தது. கடைக்குட்டிக்கு மூத்தவன் சட்டை வருவதுபோல மேலிருந்து கீழே அல்ல, எங்கள் வீட்டில் கீழிருந்து மேலே வந்தது. பெயரை மாற்று, மாற்று என்று நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய். மாற்றப் போனால் அது என்னவோ அடையாள அட்டை கேட்டது. விட்டுவிட்டேன். "மீசை வச்ச டிலானி" என்று கொஞ்ச நாள் கூப்பிட்டாய், பிறகு மச்சான் ஆனேன்.

நான் பழுகாமம், நீ ஆரையம்பதி. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஒரு நாளும் வரவில்லை. நீயும் வரவில்லை. பின்னேரங்களில் நான் கந்தோரால் வந்து, நீ ஐஸ் ஃபெக்டரியால் வந்து, ஆளுக்கொரு தேத்தண்ணியோடு ஃபோனில் குந்திவிடுவோம். அது போதுமாக இருந்தது. நாள் முழுக்க ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நிற்கிறவனின் கணினி மட்டும் எப்போதும் கொதிக்கும். சூட்டின் அளவைப் படம் எடுத்து அனுப்புவாய். "இதில முட்ட பொரிக்கலாம்" என்பாய். "பொரிச்சுத் தின், கூலர் வாங்காத கஞ்சன்" என்பேன். "பாமினி எழுத்துருவில அடிச்ச கடிதமெல்லாம் கொத்து ரொட்டி மாதிரித் தெரியுது" என்று ஒருநாள் நான் அழுதபோது, "ஆணம் ஊத்தித் தின்" என்றாய்.

காத்தான்குடிப் பழைய இரும்புக் கடையில் நீ ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? திறந்து பார்த்தால் உள்ளே ஓர் ஆட்டின் படங்கள் மட்டும். ஒரே ஆடு. நின்றபடி, படுத்தபடி, மாலை போட்டபடி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் முதலாளிமாதிரி. வேறு ஒரு மனிதப் படமும் இல்லை. நாம் இரண்டு கிழமை அந்த ஆட்டைப் பற்றியே கதைத்தோம். அதற்கு ஒரு குடும்பம் உண்டாக்கினோம், காதல் உண்டாக்கினோம், வழக்கும் போட்டோம். நீ குழுவில் அதன் படத்தைப் போட்டு, "இவரைத் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்" என்று எழுதினாய். எனக்குச் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. உன் வீட்டில் நீயும் அப்படித்தான் சிரித்திருக்கிறாய். அதை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கிழமை உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உன் கணினி பாதியில் நின்றுவிட்டிருந்தது, அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஏசினேன். கடைசியாக, "டேய், என்ன சத்தத்தக் காணல்ல, செத்துட்டியா?" என்று அனுப்பினேன். நாம் வழக்கமாகக் கதைக்கிற கதைதான். இரண்டு நாள் கழித்துக் குழுவில் ஒருவர் உன் கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் போட்டிருந்தார். மாலைக்கு நடுவில் தெரிந்த முகத்தை எனக்குத் தெரியாது. உன் பெயரை வைத்துத்தான் நீ என்று அறிந்தேன். நெஞ்சு நோகுது என்றாயாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது.

எட்டாம் நாள் சடங்குக்கு வந்தேன். கடைசியில் உன் வீட்டுக்கு அப்படித்தான் வந்தேன். பந்தலில் ஒரு பெரியவர் தேத்தண்ணி தந்து பக்கத்தில் இருத்தினார்.

"தம்பி ஆரு, விளங்கல்லயே?"

"அவர்ட சிநேகிதன், ஐயா."

"ஒண்டாப் படிச்ச ஆக்களா?"

"இல்ல."

"அப்ப ஐஸ் ஃபெக்டரியா?"

"இல்ல ஐயா. ஃபோன்ல பழக்கம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு மடியில் வைத்திருந்த பாக்கு உரலைப் பார்த்தார். "அப்ப என்ன முறை வேணும் உங்களுக்கு?" என்று திருப்பியும் கேட்டார். எங்கள் பக்கத்தில் முறை சொல்லத் தெரியாதவன் செத்த வீட்டில் சும்மா கதிரை நிரப்புகிறவன்தானே.

உன் மனைவிக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டாள். அழுது முடித்த முகம், ஆனால் கண்ணில் வேறு ஏதோ இருந்தது. மடியில் உன் ஃபோன்.

"ஃபோன்ல பழக்கமெண்டு சொன்னீங்களாம். டிலானி எண்டு ஒரு ஆளத் தெரியுமா உங்களுக்கு?"

"நான்தான்."

"என்ன?"

"நான்தான் டிலானி. அது மகள்ட பேரு. அவட படிப்புக்குத் திறந்தது, நான் பாவிக்கிறன்."

அவள் என் மீசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொய் சொல்லாதீங்க. ஆரையோ மறைக்கிறத்துக்கு உங்கள அனுப்பியிரிக்காங்க" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஃபோனப் பாத்துச் சிரிப்பாரு. ஆரெண்டு கேட்டா, பெடியன்கள் எண்டுவாரு. திரையில டிலானி எண்டு விழும், ரோசாப்பூ விழும். நான் ஒண்டும் கேக்கல்ல. கேட்டிரிக்கணும். செத்த வீட்டில, ஃபோன் என்ட மடியில கிடக்கு, வெளிச்சம் வருது. 'டேய், என்ன சத்தத்தக் காணல்ல, செத்துட்டியா' எண்டு டிலானி கேக்கிறா. நான் அத வாசிச்சிட்டு அவர்ட முகத்தப் பாத்தன். அழத்தான் இருந்தனான். அதுக்குப் பிறகு எனக்கு அழுகையும் வரல்ல."

அந்த ஃபோனைத் திறக்க அவளுக்குத் தெரியாது. நீ போட்ட பூட்டு உன்னோடு போய்விட்டது. எட்டு நாளாக அவள் உன்னை நினைத்து அழ முடியாமல், யாரோ ஒரு டிலானியை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சத்தியம் செய்வதில் பலன் இல்லை. என் ஃபோனைத் திறந்து நம் கதையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நம் வாயில் வராத கெட்ட வார்த்தை கிடையாது, அதை நினைக்க எனக்கு முகம் சுட்டது. ஆனால் வேறு வழி இல்லை.

அவள் வாசித்தாள். விரலால் மேலே தள்ளித் தள்ளி, மாதக்கணக்கில் பின்னுக்குப் போனாள். இடையிடையே தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"இதென்ன, சிபியுக்குப் பேஸ்ட் பூசினது?"

"சூடு இறங்கிறத்துக்குப் பூசிற பசை ஒண்டிரிக்கு. அவரு அது இல்லையெண்டு பல் விளக்கிற பேஸ்டப் பூசினவரு."

"புள்ளைட பேஸ்டா?"

"ஓம்."

"பேஸ்ட் முடிஞ்சதெண்டு நான் தங்கச்சிட புள்ளைகள ஏசினனே" என்றாள். வாய் ஓரம் ஒரு தரம் அசைந்தது. பிறகு ஆடு வந்தது. ஆட்டை அவள் நெடுநேரம் பார்த்தாள். கூலர் வாங்கியதை அவளுக்குச் சொல்லாமல், ஃபெக்டரியில் கழித்துவிட்ட சாமான் என்று நீ புளுகியது வந்தது. "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள்.

அதன் பிறகு ஒரே மாதிரியான வரிகளில் நின்று நின்று வாசிக்கிறாள் என்பதைக் கண்டேன். எட்டிப் பார்த்தேன். "இரு, கூப்பிடுறா, வாறன்." "சோறு போட்டுட்டா, வாறன்." "டேய் நிப்பாட்டு, அவ கூப்பிடுறா." என்ன முக்கியமான கதை போய்க்கொண்டிருந்தாலும், அந்த ஆட்டின் கல்யாணத்துக்கு நடுவிலும், நீ அப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அது அப்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது. பெண்சாதிக்குப் பயந்தவன் என்று பலமுறை நக்கலடித்திருக்கிறேன். அந்த நக்கலையும் அவள் வாசித்தாள்.

"நான் கூப்பிட்டா உடன எழும்பி வந்திரிக்காரு" என்றாள். "நான் நினைச்சன், மனமில்லாமத்தான் வாறாரெண்டு."

அப்போதுதான் அழத் தொடங்கினாள். உள்ளே இருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, மச்சான். வர வேண்டும் என்று காத்துக்கொண்டுதான் நின்றேன். வெளியே வந்தபோது, வாசல்வரை கூட வந்த அவளிடம் அந்தப் பெரியவர், "ஆரு புள்ள இது?" என்று கேட்டார். "அவருக்கு மச்சான். எனக்கு அண்ணன்" என்று மூக்கைச் சீறிக்கொண்டே சொன்னாள். பெரியவர் தலையாட்டிவிட்டு எனக்கு வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டேன். என்ன கறி என்று நினைவில்லை.

அதன் பிறகு குழுவுக்குள் நான் அதிகம் போவதில்லை. போனாலும் மரியாதையாக ஒரு பதில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். யாரையும் ஏசவில்லை. யாரும் என்னை ஏசவும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், பொறுமையானவர்கள், சலிப்பாக இருக்கிறது.

போன கிழமை ஒரு புது இலக்கத்திலிருந்து செய்தி வந்தது. "அண்ணன், நான் ஆரையம்பதித் தங்கச்சி. இவர்ட கொம்பியூட்டர்ப் பெட்டிய மகளுக்குப் படிக்கப் போட்டுப் பாத்தன். மூணு தரம் கூவுது, படம் வருதில்ல. கடைக்குக் குடுக்க மனமில்ல. வேற கை பட வேணாம்."

நான் ஆற அமர இருந்து பதில் எழுதினேன். தங்கச்சி, முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். நினைவக அட்டைகளை மெதுவாக வெளியே எடுத்து அவற்றின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யுங்கள். இப்படி ஒழுங்காக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

அவள் வாசித்தது தெரிந்தது. பதில் வந்தது.

"இது மருந்துப் போத்தல்ல ஒட்டின கடதாசி மாதிரி இரிக்கு அண்ணன். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. அவருக்கு எழுதின மாதிரி எழுதுங்க."

முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு யாராவது அப்படி எழுதுவார்களா? ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து, நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, எழுதினேன்.

"டேய் எருமை, முதல்ல வயரப் புடுங்கு. புடுங்கினியா? பொய் சொல்லாத, எழும்பிப் போய்ப் பாரு. உள்ளுக்குச் சீப்பு மாதிரி ரெண்டு நிக்கும், ரெண்டு பக்கத்துக் கொழுக்கியையும் அமத்தினா எழும்பும். மகள்ட அழிறப்பரப் பறிச்சு அந்த மஞ்சள் பல்லத் தேய். மெதுவாத் தேய், உன்ட அப்பன்ட சொத்தில்ல அது. திருப்பிப் போடக்குள்ள டக்கெண்டு சத்தம் கேக்கணும். கேக்காட்டி உன்ட தலையில போட்டுப் பாரு, அங்க காலியாத்தான் கிடக்கு."

அனுப்பிவிட்டு, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பசித்தது. நீ போன பிறகு எனக்குத் தானாகப் பசித்தது அதுதான் முதல் தரம்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பெட்டியின் படத்தை அனுப்பினாள். திரையில் வெளிச்சம் இருந்தது. "ஓடுது அண்ணன்" என்று எழுதியிருந்தாள். நன்றி சொல்லுவாள், முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது, நின்றது, திரும்பவும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏசுங்க" என்று வந்தது.

ஏசினேன், மச்சான். உனக்குச் சொல்ல என்று வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்பினேன். அவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை, எல்லாவற்றையும் வாசித்தாள். எனக்கு இருட்டும்வரை ஏசிக்கொண்டிருக்க முடிந்தது. இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.